சூரியனின் உடன்பிறப்புகளைத் தேடி



சூரியன் தனியாகப் பிறக்கவில்லை. ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரியதொரு வாயு முகில் சுருங்கியபோது, ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களோடு கூடப் பிறந்தது என்பதே வானியலாளர் கருத்து. அக்கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. சூரியனும் பால்வீதியை இருபது தடவையளவில் சுற்றிவிட்டது. கூடப் பிறந்தவற்றை இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

முகச்சாயலை நம்ப முடியாது. சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் ஏராளம்; பெரும்பாலானவை அந்நியமானவை. ஒரே முகிலில் பிறந்தவையென்றால் மூலகங்களின் விகிதம் ஒத்திருக்க வேண்டும். வயது பொருந்த வேண்டும். போகும் பாதையும் இடம் கொடுக்க வேண்டும்.

2014இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இவான் ராமிரெஸ் குழுவினர் 30 நட்சத்திரங்களை இப்படிச் சோதித்தார்கள். ஒன்றுதான் தேறியது: எச்டி 162826. 110 ஒளியாண்டு தூரம். சூரியனிலும் 15 வீதம் திணிவு கூடியது. அதைக் காட்டிக்கொடுத்தவற்றில் பேரியமும் இற்றியமும் முக்கியமானவை. இரசாயன வகுப்பில் நாம் எட்டியும் பாராத மூலகங்கள்!

அந்த 'எச்டி' என்ற எழுத்துக்களிலும் நமக்கொரு பங்குண்டு. அது ஹென்றி ட்ரேப்பர் அட்டவணையைக் குறிக்கும். பெயர் ஆணுடையது, ஆனால் அதிலுள்ள இரண்டேகால் இலட்சம் நட்சத்திரங்களின் நிறமாலைகளைப் பார்த்து வகைப்படுத்தியவர் ஹார்வர்ட் வானாய்வகத்தின் அனி ஜம்ப் கனன் என்ற பெண்மணி. 1918 முதல் 1924 வரை அது ஒன்பது தொகுதிகளாக வெளிவந்தது. ஒளியைப் பிரித்து நட்சத்திரத்தை இனங்காணும் வேலைக்கு அவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது.

2018இல் போர்த்துக்கல் ஆய்வாளர் தலைமையிலான குழு, 17,000 நட்சத்திரங்களை அலசி எச்டி 186302ஐக் கண்டது. 184 ஒளியாண்டு தூரத்திலுள்ள இது, பருமனிலும் வெப்பநிலையிலும் சூரியனை அச்சாக ஒத்தது. இரண்டையும் உடன்பிறப்பென்று அடித்துச் சொல்வதற்கில்லை. வலுவான சாட்சிகள் உண்டு, அவ்வளவே. இன்னும் பல கிடைத்தால், சூரியன் பால்வீதியில் எவ்விடத்தில் பிறந்தது என்பது தெளிவாகும்.

முதலாவதை பைனாகுலரில் பார்க்கலாம். ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் முன்னிரவில் இங்கு வடக்கே பாருங்கள். பளிச்சென்று தெரிவது வேகா, நம் முன்னோரின் அபிசித்து. அதற்குச் சற்று இடப்புறம் தேட வேண்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களுக்கு அது ஏறக்குறையத் தலைக்கு மேல். சிட்னிக்காரருக்கு வடவானின் அடியில். மற்றது தென்வானத்து மயில் மண்டலத்தில் இருக்கிறது. அதற்குச் சிறு தொலைகாட்டி வேண்டும். இலண்டன்காரர் ஊருக்கு வரவும் வேண்டும்.