கித்துல்கலையில் ஒரு மாநடிகர்



இரத்தினபுரியிலிருந்து அவிசாவளைக்குச் சென்று, அங்கிருந்து அட்டன் வீதி வழியே மலையேறினால் கித்துல்கல என்னும் சிற்றூரை அடையலாம். அங்கே களனி கங்கையின்மீது கட்டப்பட்ட மரப்பாலம் ஒன்று, 1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திரைப்படம் ஒன்றிற்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. டேவிட் லீன் இயக்கிய "குவாய் நதிப் பாலம்" என்பதே அப்படம். அதில் தலைமை வேடம் பூண்டு உலகப் புகழ் எய்தியவர், ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ்.

1914ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த அவர், தந்தை இன்னாரென்று அறியாமலே வளர்ந்தார். விளம்பர நிலையமொன்றில் சிறிது காலம் ஊழியம் புரிந்தார். பெருநடிகர் ஜோன் கில்குட் 1934ஆம் ஆண்டு "ஹாம்லெற்" நாடகத்தில் அவருக்குச் சிறு வேடமொன்றை அளித்தார். நான்கே ஆண்டுகளில் ஓல்ட் விக் அரங்கில் அவரே ஹாம்லெற்றாகத் தோன்றினார். போர்க்காலத்தில் கடற்படையில் பணியாற்றிய பின் திரையுலகம் புகுந்து, 1949ஆம் ஆண்டு வெளிவந்த படமொன்றில் ஒரே குடும்பத்தினர் எண்மராகவும் நடித்தார். வேடத்தினுள்ளே தம்மை மறைத்துக்கொள்வதே அவர் கலையின் தனிச்சிறப்பு.

கித்துல்கலையில் அவர் ஏற்றது, யப்பானியரிடம் சிறைப்பட்ட தளபதி நிக்கல்சனின் வேடம். இராணுவ ஒழுங்கில் பற்றுமிக்க அம்மனிதர், பகைவருக்கே பாலம் கட்டிக்கொடுத்துப் பெருமை கொள்கிறார். அவ்வேடத்தை எங்ஙனம் நடிப்பது என்பதில் இயக்குநருக்கும் நடிகருக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. இரும்புக் கொட்டிலிலிருந்து விடுபட்டுத் தள்ளாடி நடக்கும் காட்சிக்கு, இளம்பிள்ளை வாதத்திலிருந்து மீண்ட தம் மகனின் நடையையே கின்னஸ் முன்மாதிரியாகக் கொண்டார். தந்தையின் வேதனை அங்கே கலையாயிற்று. சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருது அவரைச் சேர்ந்தது.

நேயர்களே, இவ்விடத்தில் நாம் மறக்கலாகாத ஒன்றுண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே யப்பானியர் அமைத்த உண்மையான இருப்புப்பாதையில், போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். கைதிகளின் கதையைச் சொல்லும் அப்படத்தில் அவர்களுக்கு இடமில்லை. நம் தோட்டத்து மக்களைப் போலவே, பிழைப்புக்காகக் கடல்கடந்து சென்றவர்களின் வழிவந்தோர் அவர்கள்.

1959ஆம் ஆண்டு "சேர்" பட்டம் பெற்ற கின்னஸ், 2000ஆம் ஆண்டு காலமானார். அவரது நடிப்பை வியந்து போற்றுவோம். ஆயினும், கித்துல்கலை வழியே செல்லும்போது, திரையில் காணாத அத்தமிழரையும் ஒருகணம் நெஞ்சில் நிறுத்துவோம்.