அஞ்சாமையும் பொறுப்புணர்ச்சியும்



அஞ்சாமை என்றவுடன் போர்க்களமும் வாளும் வேலும் நம் நினைவுக்கு வருகின்றன. பொறுப்பு என்றாலோ கணக்குப் புத்தகமும், வீட்டுக் கடமையும், தேர்வுக்குப் படிக்க வேண்டிய பாடமும் நினைவுக்கு வருகின்றன. முன்னது வீரர்க்கு உரியது, பின்னது அடங்கி நடப்போர்க்கு உரியது என்று நாம் பிரித்து வைத்துவிடுகிறோம். கிறிஸ்தவ வாழ்வு இவ்விரண்டையும் அவ்வாறு பிரிப்பதில்லை. ஒன்றை விட்டு மற்றொன்று நிற்கமாட்டாது என்பதே அதன் துணிபு. இதனைச் சில சான்றுகளால் ஆராய்வோம்.

இந்த வானொலி நிலையத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கி நடந்தால், சிறிது தொலைவில் சாந்தோம் பேராலயத்தின் உயர்ந்த வெண்கோபுரம் தென்படும். இன்றைய கட்டடம் 1896 ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. இயேசுபெருமானின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையர் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது என்பது வழிவழி வந்த மரபு. உலகம் அவரை ஐயங்கொண்ட சீடர் என்றே பெரிதும் நினைக்கிறது. ஆனால் யோவானின் நற்செய்தி அவருடைய மற்றொரு முகத்தையும் காட்டுகிறது. லாசரு என்னும் நண்பர் பொருட்டு இயேசு யூதேயாவுக்குத் திரும்ப எண்ணுகிறார். அங்கே அவரைக் கல்லால் எறியக் காத்திருப்போர் பலர். சீடர்கள் தயங்குகின்றனர். அப்போது, ஆசிரியர் இறக்க நேர்ந்தால் நாமும் உடன் இறப்போம், புறப்படுவோம் என்னும் கருத்துப்படப் பேசியவர் இந்தத் தோமையரே. அவர் தம் வலிமையை எண்ணித் துணியவில்லை. ஆசிரியரைத் தனியே விடலாகாது என்னும் பொறுப்பை எண்ணித் துணிந்தார்.

இதற்கு மாறான ஒரு காட்சியும் அதே நூலில் உண்டு. இயேசுவைப் பிடிக்க வந்த இரவில் பேதுரு வாளை உருவி, தலைமைக் குருவின் ஊழியன் ஒருவனுடைய காதை வெட்டிவிடுகிறார். பார்ப்பவர் அதனை வீரம் என்றே கொள்வர். ஆனால் ஆசிரியர் அதனை ஏற்கவில்லை. வாளை உறையிலே இடச் சொன்னார். அன்று இரவே, ஒரு பணிப்பெண் கேட்ட சிறு கேள்விக்கு அஞ்சி, அவரை அறியேன் என்று அதே பேதுரு மறுத்தார். சினத்திலே பிறந்த துணிவு சினம் தணிந்தவுடன் போய்விட்டது. பின்னாளில் மந்தையை மேய்க்கும் பொறுப்பு அவர் தோள்மீது வைக்கப்பட்டது. அதன் பிறகே அவர் ஆள்வோர்முன் அஞ்சாது நின்றார்.

இனி, துணிவில்லாத பொறுப்பின் நிலை யாது? தாலந்துகளைப் பற்றிய உவமை அதற்கு விடை தருகிறது. தலைவன் ஒருவன் வெளியூர் செல்லுமுன் தன் பணியாளர் மூவரிடம் முறையே ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைக்கிறான். முதல் இருவரும் அவற்றைப் பெருக்கினர். மூன்றாமவனோ நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைத்தான். அவன் திருடவில்லை, செலவழிக்கவும் இல்லை, பெற்றதை அப்படியே திருப்பிக் கொடுத்தான். ஆயினும் அவன் கண்டிக்கப்பட்டான். அஞ்சினேன் என்பதே அவன் சொன்ன காரணம். அச்சம் புகுந்த இடத்தில் பொறுப்பும் புதைந்துபோகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தமிழ்நாட்டிலே பிறந்த கிறிஸ்தவர் ஒருவருடைய வாழ்வு இவ்வுவமைக்கு உரையாக விளங்குகிறது. அவர் ஜே. சி. குமரப்பா. 1892 ஜனவரி 4 ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்காய்வுக் கல்வி பெற்றுப் பம்பாயிலே தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசாங்க நிதியியலை ஆராய்ந்தார். இந்தியாவின் வறுமைக்கு ஆங்கில அரசின் வரி முறையும் செலவு முறையும் எவ்வளவு காரணம் என்பதை எண்களே அவருக்கு உணர்த்தின. 1929 இல் சபர்மதியில் காந்தியடிகளைக் கண்டார். வருவாய் மிகுந்த தொழிலையும் மேனாட்டு உடையையும் துறந்தார்.

உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் "யங் இந்தியா" இதழின் பொறுப்பை ஏற்று எழுதியதற்காக அவர் சிறை புகுந்தார். அரசை எதிர்ப்பதைக் காட்டிலும் கடினமான செயல் ஒன்றையும் அவர் செய்தார். அடக்குமுறையைக் கண்டும் திருச்சபைத் தலைவர்கள் வாய் திறவாதிருப்பது இயேசுவின் போதனைக்கு ஒக்குமா என்று, கல்கத்தாவிலிருந்த தலைமைப் பேராயருக்கே எழுதி வாதிட்டார். பகைவரைக் கேள்வி கேட்பது எளிது. தம்மவரைக் கேட்பதற்கே மிகுந்த துணிவு வேண்டும்.

அத்துணிவு அவருடைய அன்றாடப் பணியிலும் விளங்கிற்று. 1934 ஜனவரி 15 இல் பீகாரில் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவின் நிதிக் கணக்கைக் கண்காணிக்கும் பணி குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் உணவுக்கு நாளொன்றுக்குச் சில அணாக்களே என அவர் வரையறை செய்தார். பின்னர்க் காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் அங்கே தங்க நேர்ந்தது. அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். நாடு முழுதும் வணங்கிய தலைவரிடம், அவரையே தலைவராகக் கொண்ட தொண்டர் இவ்வாறு சொன்னார். காந்தியடிகளும் அதன் நியாயத்தை ஏற்றுக்கொண்டார். வீடிழந்தோர்க்கென மக்கள் கொடுத்த பணம் அது. அதனைக் காப்பவன் முகம் பார்த்து வளைதல் தகாது. அவர் பொறுப்புணர்ந்தவர், ஆதலின் அஞ்சவில்லை.

1942 ஆம் ஆண்டுப் போராட்டத்தை ஒட்டி மீண்டும் சிறைப்பட்டபோது, இயேசுவின் போதனையைப் பற்றியும் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியும் இரு நூல்களை எழுதினார். விடுதலைக்குப் பின் பதவி நாடாமல், மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கிராமப் பணியில் ஈடுபட்டார். 1960 ஜனவரி 30 ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், இச்சென்னையிலே காலமானார்.

மயிலையோடு மரபு தொடர்புபடுத்தும் திருவள்ளுவரும், அறிவுடைமை என்னும் அதிகாரத்தில், அஞ்சத் தக்க இடத்தில் அஞ்சுவதை அறிவின் இலக்கணமாகவே கூறுகிறார். குமரப்பாவும் அஞ்சியவரே. பொதுப்பணத்தில் ஓர் அணா வழி தவறிப்போவதற்கு அஞ்சினார். அவ்வச்சமே மனிதரைக் குறித்த அச்சத்தை அவரிடமிருந்து நீக்கியது.

மாணவர்களே, இவையெல்லாம் பெரியோர் கதைகள், நமக்கு இங்கே என்ன வேலை என்று எண்ண வேண்டா. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலே நிற்கும் வெண்ணிற நினைவு மண்டபத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1930 டிசம்பர் 30 இல், அலையில் சிக்கியோரைக் காக்க முயன்று உயிர்நீத்த ஷ்மிட் என்னும் டென்மார்க்கு நாட்டவருக்காக எழுப்பப்பட்டது அது. அத்தகைய தியாகத்தை வணங்குவோம். அதே வேளையில், நீந்தத் தெரியாதவன் நண்பர்கள் கைதட்டுவதற்காகக் கடலில் இறங்குவது துணிவன்று என்பதையும் உணர்வோம். வீட்டிலே காத்திருக்கும் பெற்றோரை மறந்த செயல் அது. ஆபத்தைக் கண்டால் உரக்கக் கூவி ஆள் சேர்ப்பதும், மிதக்கும் பொருளை எறிவதும் அவனால் இயன்ற பொறுப்பான துணிவாகும்.

தியாகராய நகரின் நெரிசலிலோ அடையாற்றுப் பாலத்தருகிலோ ஒருவர் வண்டி மோதி வீழ்ந்து கிடக்கிறார் என்று கொள்வோம். சுற்றிப் பலர் நிற்பர். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமோ என்று அஞ்சி ஒருவரும் அருகே செல்லார். இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில் விலகிச் சென்ற இருவரின் நிலை இதுவே. அவ்வச்சத்துக்கு இன்று இடமில்லை. 2016 இல் உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவரை வழக்கிலிருந்து காக்கிறது. தம் பெயரைச் சொல்லுமாறு அவரை எவரும் கட்டாயப்படுத்த இயலாது. 108 என்னும் எண்ணை அழைப்பதற்குப் பெருவீரம் வேண்டுவதில்லை. இவர் என் பொறுப்பு என்று ஒரு கணம் எண்ணினால் போதும். கால் தானே முன்செல்லும்.

வகுப்பிலே எளிய மாணவன் ஒருவனைப் பலர் கூடி எள்ளும்போதும், விடுதி உணவுக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு உங்களிடம் வரும்போதும் இந்தச் சோதனை உங்களைத் தேடி வரும். அப்போது, நான் அஞ்சுகிறேனா என்று உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டா. அச்சம் எவர்க்கும் உண்டு. யார் என்னை நம்பியிருக்கிறார் என்று கேளுங்கள். அவருடைய முகம் மனத்தில் தோன்றுமானால், செய்ய வேண்டியது இன்னதென்பது விளங்கும். அதனைச் செய்யும் வலிமையும் பிறக்கும்.