சொந்தக் கதையும் தொழிற் பயிற்சியும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)

தமிழகத்தின் வட எல்லையென நம் முன்னோர் குறித்த வேங்கட மலையின் அடிவாரத்தில், சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் குடும்பத்தோடு வந்து கூடியிருக்கிறோம். நம்முள் ரயில்வே ஊழியர் உண்டு. பாங்கு ஊழியர் உண்டு. மாம்பழக்கூழ் ஆலைகளில் பணிபுரிவோர் உண்டு. புதிதாய் வேலைக்கு வரும் இளைஞரைப் பழக்கும் பொறுப்பு நம்மிற் பலருக்கு வாய்த்திருக்கிறது. அதுபற்றியே சில சொல்ல விழைகிறோம்.

“எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதே, பழியைப் பிறர்மேல் சுமத்தாதே” என்று கரும்பலகையில் எழுதினால், இளைஞர் பார்த்து எழுதிக்கொள்வர், மறுவாரம் மறந்தும் போவர். அதே விதி ஒருவர் வாழ்வில் நடந்த கதையாக வரும்போது நெஞ்சில் தங்கிவிடுகிறது. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. 2022-இல் அமைந்த திருப்பதி மாவட்டத்துள் இன்று அடங்கியிருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவே போதும்.

1979 ஆகஸ்டு 10-ஆம் நாள், எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவுகலம் அங்கிருந்து முதன்முறையாகப் புறப்பட்டது. திட்டத்தின் பொறுப்பாளர் அப்துல் கலாம். புறப்படுமுன் கணிப்பொறி தடுத்து நிறுத்தியது. வல்லுநர்கள் தொடரலாம் என்றனர். கலாமும் தொடரச் சொன்னார். இரண்டாம் கட்டத்தில் கலம் கட்டுப்பாடிழந்து வங்கக் கடலில் வீழ்ந்தது. பத்திரிகையாளர் முன் கலாமை நிறுத்தவில்லை, நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். தாமே பதில் கூறிப் பொறுப்பையும் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18-இல் ரோகிணி துணைக்கோள் வெற்றியுடன் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. அன்றோ, பத்திரிகையாளரிடம் பேசக் கலாமையே அனுப்பினார்! குடியரசுத் தலைவராய் உயர்ந்த பின்னரும் கலாம் இக்கதையை மாணவரிடமும் அதிகாரிகளிடமும் சொல்லிவந்தார்.

இக்கதையின் நாயகர் யார்? சொன்னவர் அல்லர், அவருக்குத் தோள் கொடுத்தவர். இதன் வலிமை அங்கேதான் இருக்கிறது. தம் வெற்றிகளையே அடுக்கும் மூத்தவரின் பேச்சு தற்புகழ்ச்சியாக முடியும். அதைக் கேட்கும் இளைஞன், “இவர்கள் தவறே செய்யாதவர்கள் போலும்” என்று எண்ணுகிறான். தான் தவறும் நாளில் அஞ்சி மறைக்கிறான். அலுவலகத்தில் மறைத்த பிழை பணத்தைத் தின்னும். இயந்திரத்தருகில் மறைத்த பிழை கையையோ உயிரையோ வாங்கிவிடும். தவறியவரும் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்று காட்டும் கதையோ அவனை வாய்திறக்கச் செய்கிறது.

ஆகவே, சொல்லும் முறையிலும் கருத்து வேண்டும். கதை உண்மையாய் இருக்கட்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேற்பட வேண்டாம். ஒரு கதைக்கு ஒரு பாடம் போதும். உடன் பணிபுரிந்தவர் எவரையும் பெயர் சொல்லிப் புண்படுத்துதல் ஆகாது. சொல்லி முடித்ததும், “நீ அங்கிருந்தால் என்ன செய்திருப்பாய்?” என்று கேட்டு, விடையை இளைஞனிடமே விட்டுவிட வேண்டும். விதிகளையும் செய்முறையையும் கதை விலக்கிவிடாது. அவற்றைக் கற்கும் மனத்தைத் திறந்துவைக்கும்.

நம்மோடு பணிபுரியும் தெலுங்கு இளைஞருக்குத் தெலுங்கிலேயே சொல்லுவோம். இரவு உணவின்போது நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுவோம். ஓய்வுபெற்ற பெரியோர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்தம் அனுபவம் அவரோடு மறைந்துபோகாமல், கேட்டு வாங்கிக்கொள்வது இளைஞரின் கடமை.