எலும்பும் ஒரு சேமிப்புக் கணக்குதான்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மழைக்காலத்தில் நம் குழு அக்கா ஒருவர் வாசலில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார். "வெறும் சுளுக்குதான்" என்று நாம்தான் எண்ணெய் போட்டு நீவிவிட்டோம். நாலு நாளாகியும் வீக்கம் வடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால், மணிக்கட்டு எலும்பு முறிந்து விலகியிருந்தது. இன்றைக்கும் அந்தக் கையால் அவர் குடம் தூக்க முடியவில்லை.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "மாதவிலக்கு நின்று எத்தனை வருஷமாச்சு?" கை முறிந்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தோம். அந்தச் சம்பந்தத்தைத்தான் இன்று பேசப் போகிறோம்.

பிறந்த குழந்தைக்குச் சுமார் 300 எலும்புத் துண்டுகள். வளர வளரப் பல ஒன்றுசேர்ந்து, பெரியவர்களுக்கு 206 ஆகிறது. இதில் பாதிக்கு மேல் கையிலும் பாதத்திலும்தான்: ஒரு கைக்கு 27, ஒரு பாதத்துக்கு 26. பூக்கட்டுவதும் தையல் மிஷின் மிதிப்பதும் அதனால்தான் முடிகிறது. தொடை எலும்பு எல்லாவற்றிலும் பெரியது. காதுக்குள் இருக்கும் ஒன்று அரிசியை விடச் சின்னது. இடுப்பு எலும்பு நமக்கு ஆண்களை விட அகலம். பிள்ளை வெளியே வரும் வழி அது.

2004-ல் ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது, முதுமக்கள் தாழிகளில் இரண்டாயிரம் வருஷத்துக்கும் பழைய எலும்புகள் கிடைத்தன. அதனால் எலும்பைக் கல் மாதிரி நினைக்கிறோம். ஆனால் நம் உடம்புக்குள் அது உயிரோடு இருக்கிறது. பழசு கரைந்து புதுசு கட்டிக்கொண்டே இருக்கும். இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில்தான் பிறக்கின்றன.

உடம்பின் கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ஏறக்குறைய 30 வயது வரை வரவு அதிகம். அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் செலவுதான். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால், இதயம் துடிக்கத் தேவையானதை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் எடுக்கும். பால் மறக்கடித்த பின் பெரும்பாலும் திருப்பிக் கட்டிவிடும். மாதவிலக்கு நின்றபின் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். அப்போது எடுப்பது வேகமாகும், திருப்பிக் கட்டுவது அதற்கு ஈடுகொடுக்காது. இதில் வலியே தெரியாது. விழுந்து முறிந்தால்தான் தெரியும். அக்காவுக்கு நடந்தது இதுதான்.

நாம் என்ன செய்யலாம்? பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 200-க்கு மேல். முருங்கைக்கீரை, எள்ளு, முள்ளோடு தின்னும் சின்ன மீனிலும் உண்டு. கர்ப்பிணிகள் கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போடாமல், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு விடியலில் போய் இருட்டித் திரும்பும் பிள்ளைகள், சாப்பாட்டு இடைவேளையில் கொஞ்சம் வெயிலில் நடக்கட்டும். வெயில் பட்டால் வைட்டமின் டி கிடைக்கும், அது இருந்தால்தான் கால்சியம் உடம்பில் சேரும். நடப்பதும் எலும்புக்குப் பலம்.

விழுந்து வீங்கினால் நீவாதீர்கள். அட்டையோ பலகையோ வைத்து, ஆடாமல் தளர்வாகக் கட்டி, அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். விரல் மரத்தாலோ நீலமாக மாறினாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். உடனே தளர்த்துங்கள்.

கடைசியாக ஒன்று. பாலைப் பையனுக்கு ஊற்றிவிட்டு, பெண்பிள்ளைக்கு டீ கொடுக்கிறோமே, அவள் கணக்கில் யார் போடுவது? குழுவில் ஒரு மாதச் சந்தா தவறினால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம். எலும்புக் கணக்கில் 30 வயதுக்குள் போடாததை முழுசாகப் பிறகு கட்ட முடியாது.

இன்று இரவே அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றுவோம். நமக்கும் ஊற்றிக்கொள்வோம்.