எந்தப் பானைச் சோறு?



தன்முனைப்புக் கூட்டங்களில் இந்தக் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். சிறு பிள்ளையின் முன் மார்ஷ்மெலோ என்னும் இனிப்பை வைத்து, "நான் வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போகிறார். பொறுத்த பிள்ளை பிற்காலத்தில் படிப்பில் உயர்ந்தது, பொறுக்காத பிள்ளை பின்தங்கியது என்று கதை முடியும். கேட்ட பெற்றோர் வீட்டுக்கு வந்து, "இவனுக்குப் பொறுமையே இல்லை, உருப்படமாட்டான்" என்று பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுகிறார்கள்.

ஆய்வு உண்மைதான். உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொடங்கியது. ஆனால் அந்தப் பிள்ளைகள் யார்? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்துப் பாலர் பள்ளியில் படித்தவர்கள். 1990இல் வந்த தொடராய்வில், நூற்றுக்கும் குறைவானவர்களின் தேர்வு மதிப்பெண்களே கிடைத்தன.

2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர், பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். பொறுமைக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோனது.

கேமரூன் நாட்டில் உள்ள நுசோ இன விவசாயக் குடும்பப் பிள்ளைகளில் சுமார் 70 விழுக்காட்டினர் காத்திருந்தார்கள். ஜெர்மானிய நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளில் காத்திருந்தவர்கள் 28 விழுக்காட்டினரே. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜப்பானியப் பிள்ளைகள் உணவுக்காக அதிக நேரம் பொறுத்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளோ பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்க அதிக நேரம் பொறுத்தார்கள். எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதை வீட்டுப் பழக்கமும் கற்றுத் தருகிறது என்பது இதனால் விளங்குகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். உண்மை. ஆனால் அடுத்த வீட்டுப் பானைக்கு அது பதமாகாது!

ஆகவே ஆய்வாளர்கள் யாரைச் சோதித்தோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பல நாடுகளிலும் பல வருமானக் குடும்பங்களிலும் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அப்போதுதான் முடிவு எல்லார்க்கும் பொருந்துமா என்பது தெரியும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. "உளவியல் சொல்கிறது" என்று யாராவது சொன்னால், "எந்தப் பிள்ளைகளை வைத்து?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை உங்கள் பிள்ளைக்கு முத்திரை குத்தாதீர்கள். பொறுமை முதலில் நமக்கு வேண்டும்.