வேலி போடுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள்

(‘போதை தரும் செடிகள்: வேரோடு பிடுங்குவதா? வேலி போட்டுக் காப்பதா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘வேலி போட்டுக் காப்பதே’ என்னும் அணியில் ஆற்றிய உரை.)

    

எதிரணித் தலைவர் அண்ணாச்சி பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன பேச்சு! ‘போதை தர்ற செடி எதுவானாலும் வேரோடு, விதையோடு, மண்ணோடு அழிக்கணும்’னு மேசையைத் தட்டினாரு. நடுவர் ஐயாவோட தண்ணி டம்ளரே ஆடிப்போச்சு. (சிரிப்பு)

அண்ணாச்சியை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மத்தியானம் நாம எல்லாரும் ஒரே பந்தியிலதானே சாப்பிட்டோம்? குருமா பிரமாதம்னு ரெண்டு தடவை வாங்கி ஊத்திக்கிட்டீங்களே, அது ஏன் அவ்வளவு கெட்டியா இருந்தது தெரியுமா? கசகசா அரைச்சு விட்டிருந்தாங்க. அந்தக் கசகசா எந்தச் செடியில காய்க்குது? அபினி எடுக்கிறாங்களே, அதே செடியிலதான் அண்ணாச்சி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

தாய்மார்கள் அஞ்சறைப் பெட்டியைத் தூக்கி எறிஞ்சிடாதீங்க. போதை இருப்பது பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பாலில். விதை நமக்குச் சமையல் பொருள். நம் நாட்டுச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஐக்கிய அரபு நாட்டில் கசகசாவுக்கே தடை உண்டு. துபாயில் இருக்கிற மகனைப் பார்க்கப் போகும்போது, ‘பிள்ளைக்குக் குருமா பிடிக்குமே’ன்னு மசாலாப் பொட்டலத்தோட அதையும் கட்டிடாதீங்க. மகனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி போலீசைப் பார்க்க வேண்டியிருக்கும். (சிரிப்பு)

சிரிப்பை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரே செடி. அதன் விதை உணவு. அதன் பாலில் இருந்து பிரித்தால் மார்பின் என்னும் மருந்து. அந்த மார்பினையே மாற்றிக் காய்ச்சினால் ஹெராயின் என்னும் நஞ்சு. ஆக, ஒரு செடி மூன்று வாசல். எதிரணியினர் மூன்றாவது வாசலை மட்டும் பார்த்துவிட்டு வீட்டையே இடிக்கச் சொல்கிறார்கள். நாங்கள் அந்த வாசலுக்குப் பூட்டுப் போடுங்கள் என்கிறோம்.

மார்பின் என்றால் என்ன? புற்றுநோய் முற்றியவர்களுக்கு வரும் வலி, நம் தலைவலி, பல்வலி போன்றதல்ல. அந்த வலிக்கு மார்பினை முறைப்படி கொடுக்கலாம் என்று 1986-இல் உலக சுகாதார நிறுவனமே படிப்படியாக வழிகாட்டியது. விலையும் அதிகமில்லை, சாதாரண மாத்திரைதான்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 1985-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. நோக்கம் நல்ல நோக்கம், மறுக்கவில்லை. அன்று சட்டத்தை மீறி மார்பின் வைத்திருந்தால் பொதுவாகக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்றிருந்தது. மருத்துவமனை அதை வாங்கி வைப்பதற்கு ஒரு துறையில் உரிமம், இன்னொரு துறையில் அனுமதி, மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு விதி. ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். மருத்துவர்கள் யோசித்தார்கள்: ‘நமக்கு எதுக்கு வம்பு?’ மருந்துக் கடைக்காரரும் அதையே யோசித்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்துபோனது. வலி குறைந்ததா? இல்லை. மருந்துதான் குறைந்தது.

1996-ஆம் ஆண்டு. நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த காலம். என் அத்தைக்கு வாயில் புற்றுநோய். ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பத்துப் பிள்ளை வளர்த்த குடும்பத்தில் மூத்த மருமகள். தேள் கொட்டினாலும் வாய்விட்டு அழாத மனுஷி. அந்த அத்தை தலையணையைக் கடிச்சுக்கிட்டு, ‘ஏ பிள்ள, எனக்குப் பிழைக்க வேண்டாம்டீ, ஒரு ராத்திரி தூங்கணும். டாக்டரையாகிட்ட கேளு’ன்னு சொன்னாங்க. கேட்டேன். அவர் நல்ல மனிதர். ‘இதுக்கு மருந்து இருக்கும்மா. ஆனா எங்ககிட்ட வைக்க அனுமதி இல்லை’ன்னு சொல்லிட்டு, என் முகத்தைப் பார்க்காம போயிட்டாரு. பதினோரு நாள். பதினோரு ராத்திரியும் அத்தை தூங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் தூங்கினார்கள், எழுந்திருக்கவே இல்லை.

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே! அந்த நேரத்தில் இதே பாரதத்தில், மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அந்தச் செடி அரசாங்க உரிமத்தோடு பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசாங்கத்தின் அபினித் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருந்தன. விளைந்ததை வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் செய்தோம். அங்கே எவனோ ஒரு நோயாளி நிம்மதியாகத் தூங்கினான். என் அத்தை தூங்கவில்லை. ஊருக்கெல்லாம் நெல் அளந்த வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாத கதை இதுதான்! (கைதட்டல்)

‘வேலி போட்டா நிக்குமா?’ன்னு அண்ணாச்சி கேட்டாரு. அந்த வயல்களைப் போய்ப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் ஒரு விவசாயிக்கு உரிமம் சுமார் கால் ஏக்கர்தான். அதிகாரி வந்து நிலத்தை அளப்பார். பால் எடுக்கும் விவசாயி, எடுத்ததையெல்லாம் அரசாங்கத்திடமே ஒப்படைக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு தராவிட்டால் அடுத்த ஆண்டு உரிமம் போய்விடும். கொஞ்சம்கூடக் கள்ளச் சந்தைக்குக் கசியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கசிகிறது என்பதற்காக அணையை உடைப்பார்களா, ஓட்டையை அடைப்பார்களா?

2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்பின் போன்றவற்றை இன்றியமையாத மருந்துகள் என்று தனியே பிரித்து, பல உரிமங்களுக்குப் பதில் ஒரே இடத்தில் அனுமதி என்று வழி செய்தார்கள். சும்மா வந்ததா? கேரளத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் கதவைத் தட்டினார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், நோயாளியின் வீட்டுக்கே மருந்து போக முடியும் என்று நடத்திக் காட்டியது. இது வேலி போட்டவர்களின் வெற்றி!

எதிரணித் தங்கை ஒரு கேள்வி கேட்டாங்க: ‘தாய்லாந்தைப் பார்த்தீங்களா?’ பார்த்தேன் அம்மா. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். முழுமையான சட்டம் இல்லாமலே கடை திறந்தார்கள். தெருவுக்குத் தெரு கடை. 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திரும்பி வந்தார்கள். ‘அமெரிக்காவைப் பாருங்க’ன்னும் சொன்னாங்க. அங்கே மருந்துக் கம்பெனிகள் விளம்பரம் செய்து, வலி மாத்திரையை மிட்டாய் போல விற்கவிட்டார்கள். லட்சக்கணக்கான உயிர் போனது. இரண்டும் எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி. ஒரு நாடு வேலி போடும் முன்னே மாட்டை அவிழ்த்தது. இன்னொரு நாடு வேலியையே விலைக்கு விற்றது. (கைதட்டல்) கல்லூரி வாசலில் பொட்டலம் விற்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவனுக்குச் சிறை வேண்டும். ஆனால் அவன் வலையில் விழுந்த பிள்ளைக்கு? சிகிச்சை வேண்டும். தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சேர்பவருக்கு வழக்கில் விலக்குத் தர நம் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ‘என் மகனைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களோ’ன்னு பயந்து வீட்டுக்குள்ளே ஒளித்து வைக்கிற தாய்மார்களுக்கு இதை யார் எடுத்துச் சொன்னோம்?

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். தமிழ்ப் பேராசிரியை வள்ளுவரைத் தொடாமல் இறங்கினால் வகுப்பில் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள். (சிரிப்பு) இன்று நாம் படிக்கும் வரிசையில் திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 95-ஆம் அதிகாரம் மருந்து. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எது? 94-ஆவது, சூது! போதைக்கும் மருந்துக்கும் நடுவில் நின்றுகொண்டு நாம் சூதாடிக்கொண்டிருக்கிறோம் ஐயா. பயத்தை வைத்து ஆடுகிறோம். பணயம் வைத்தது நம் பணத்தை அல்ல. படுக்கையில் கிடப்பவரின் தூக்கத்தை.

இன்று எந்தப் படுக்கையிலோ ஒரு தாய் தலையணையைக் கடித்துக்கொண்டிருப்பாள். அவள் பக்கத்தில் இருப்பவர்கள் மருத்துவரிடம் துணிந்து கேட்கட்டும். மருத்துவர் துணிந்து கொடுக்கட்டும். அதற்கு வேலி இருக்கட்டும், வேலியில் ஒரு வாசலும் இருக்கட்டும் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். 

(நீண்ட கைதட்டல்)