நோயற்ற குழந்தையும் மருந்துக்கு மசியாத கிருமியும்

லிந்துலைத் தோட்டங்களில் பொழுது புலரும் வேளை. குழந்தையைக் கம்பளியாற் போர்த்தி இடுப்பில் ஏந்திய தாய், கொழுந்து பறிக்க மலை ஏறுமுன் பிள்ளை மடுவத்தின் வாசலில் நிற்கிறாள். சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இன்று பெயர் மாறிவிட்ட போதிலும், தோட்ட மக்களின் நாவில் அது பிள்ளை மடுவமே. ஆயா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டால், தாய் கவலையின்றி மலைக்குச் செல்வாள். ஆனால், காய்ச்சலும் இருமலும் இல்லாத அக்குழந்தையின் மூக்கினுள்ளேயும் ஒரு கிருமி குடியிருத்தல் கூடும்.

அதன் பெயர் ஸ்டெபிலோகொக்கஸ். நுணுக்குக்காட்டியில் திராட்சைக் குலைபோலத் தோன்றுவதனால், அலெக்சாந்தர் ஒக்ஸ்டன் என்னும் ஸ்கொத்லாந்து அறுவை வைத்தியர் 1882இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்கு அப்பெயரைச் சூட்டினார். மாந்தருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இதனை மூக்கில் சுமக்கின்றனர். பெரும்பாலோர்க்கு ஒரு தீங்கும் இல்லை. தோல் கிழிந்த இடத்தில் அது புகுந்தாற் கொப்புளமும் சீழ்க்கட்டியும் தோன்றும். அரிதாக, இரத்தத்திலும் நுரையீரலிலும் எலும்பிலும் பரவி உயிருக்கே உலை வைக்கும்.

1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தது இக்கிருமியை வளர்த்த தட்டிலேதான். அவரே 1945இல் நோபெல் பரிசுரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். தொண்டை நோவுக்குத் தானே பெனிசிலின் வாங்கிக் குறைவாக உண்ட ஒருவன், கிருமியைக் கொல்லாமல் மருந்தைத் தாங்கும் வித்தையை அதற்குக் கற்பித்து, தன் மனைவிக்கும் அதைத் தொற்றவைக்கிறான். அவள் மாண்டு போகிறாள். கற்பனைக் கதைதான், எனினும் காலம் அதை மெய்யாக்கியது. பெனிசிலினை வென்ற கிருமிகளை அடக்க 1959இல் மெதிசிலின் என்னும் புதுமருந்து வந்தது. 1961இலேயே அதற்கும் மசியாத கிருமி இங்கிலாந்தில் காணப்பட்டது.

இது வைத்தியசாலைக்குள் மட்டும் உலவும் கிருமி என்றே நெடுங்காலம் கருதினர். 1997க்கும் 1999க்கும் இடையே அமெரிக்காவின் மினசோட்டா, வட டகோட்டா மாநிலங்களில் நான்கு குழந்தைகள் இறந்த பின்னரே அக்கருத்து ஆட்டங்கண்டது. வைத்தியசாலையோடு அண்மையில் தொடர்பேதும் இல்லாத பிள்ளைகள் அவர்கள். முதலிற் கொடுக்கப்பட்ட மருந்து அக்கிருமியிடம் பலிக்கவில்லை.

அமெரிக்கக் குழந்தையின் கதை மலைநாட்டுக்கு எட்டாத தொலைவில் உள்ளது என்று எண்ணுவோர், இந்தியாவின் உஜ்ஜயினி நகரை நோக்கலாம். அங்கே ஆர்.டி. கார்டி மருத்துவக் கல்லூரியினரும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தினரும் ஐந்து வயதுக்குட்பட்ட 1,562 குழந்தைகளின் மூக்கை ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டனர். 98 குழந்தைகளிடம் கிருமி இருந்தது. அவற்றுள் 16, மெதிசிலினுக்கு மசியாதவை. தொகை சிறிதே. ஆயினும், பாலர் நிலையத்துக்குச் செல்லும் குழந்தைகளிடமும், பத்துப் பேருக்கு மேற்பட்ட குடும்பத்துக் குழந்தைகளிடமும் கிருமி மிகுதியாகக் காணப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது. லயக் காம்பராவின் நெருக்கத்தையும், ஒரே துவாயில் முகந்துடைக்கும் பிள்ளைகளையும் அறிந்தவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

மலைக் குளிரில் பிள்ளைக்கு மூக்கொழுகினால் உடனே குளிசை வேண்டும் என்று கேட்கும் வழக்கம் பரவலாக உண்டு. சாதாரணச் சளி வைரசினால் வருவது; நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அதற்குப் பயன்படாது. அம்மருந்து உடலிலுள்ள எளிய கிருமிகளை அழிக்க, வலியவை எஞ்சி அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். கெப்சியூலைப் பிரித்துப் புண்ணில் தூவுவதும், அண்டைக் காம்பராவில் மிஞ்சிய மருந்தை இரவல் வாங்குவதும் இதே வழியில் கேடு செய்பவை.

இங்கே மற்றொரு தீங்கும் நேரலாம். கிருமி சுமக்கும் பிள்ளை என்று பெயர் பரவினால், மடுவத்தில் அதனை ஒதுக்கிவிடுவார்கள். தாய்க்கு அன்றைய பேர் விழாது, கூலியும் போகும். இது அறியாமையன்றி வேறில்லை. நோயின்றிக் கிருமியை மட்டும் சுமக்கும் குழந்தைக்கு வைத்தியர்கள் பொதுவாக மருந்தே கொடுப்பதில்லை. மூக்கிலுள்ள கிருமி அந்தப் பிள்ளையின் குற்றமுமன்று, தாயின் குற்றமுமன்று. இன்று ஒதுக்குபவரின் பிள்ளையிடமே அது நாளை இருக்கலாம்.

சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், பிள்ளைக்கொரு துவாய், புண்ணைச் சுத்தமான துணியால் மூடுதல் ஆகியவையே ஆயாவும் தாயும் செய்ய வேண்டியவை. கட்டியைப் பிதுக்கலாகாது. அதனைக் கீறிச் சீழை வெளியேற்றுவது வைத்தியரின் வேலை. சில வேளைகளில் அதுவே போதும். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினால், எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்பதும் தெரியவரும். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்தாலோ, காய்ச்சலுடன் குழந்தை சோர்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மறுநாட்காலை வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிறு புண் மட்டும் உள்ள பிள்ளையோ, கசிவு வெளியே வராதபடி நன்கு கட்டப்பட்டிருந்தால், வழக்கம்போல மடுவத்துக்கு வரலாம்.